மரக்கடைசலில் மரபுசாராக் கருவிகள்: உலோகம், தாங்கல், வெட்டுமுறை, இழையோட்டம் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மரக்கடைசலுக்கென வடிக்கப்பட்ட உளிகள் அல்லாமல், பழைய அரம், ஆலன் சாவி, ஹாக்சா பிளேடு, கார்பைடு வில்லை, எஃகுக் கம்பி முதலியவற்றைக் கொண்டு சுழலும் மரத்தை உருவாக்கும் முயற்சிகள் உலகெங்கும் நிகழ்ந்து வருகின்றன. இவற்றுள் சில நிலைத்த பயன்பாட்டுக்கு வந்துள்ளன. சில கைவிடப்பட வேண்டியவை. இவ்வேறுபாட்டுக்கான காரணங்களை உலோகம், தாங்கல், வெட்டுமுறை, இழையோட்டம் என்னும் நான்கு வினாக்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. முதலிரண்டு வினாக்களில் ஏற்படும் பிழை கடைவோரின் உடலைத் தாக்கும். பின்னிரண்டில் ஏற்படும் பிழை பெரும்பாலும் மரத்தைக் கெடுக்கும். ஆதலால் 'வெட்டுகிறதா?' என்பது புதிய கருவியிடம் இறுதியாகக் கேட்கப்பட வேண்டிய வினா என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: மரக்கடைசல், கடைசலுளி, அரம், உயர்வேக எஃகு, கார்பைடு, தோய்ச்சல், இழையோட்டம்.

முன்னுரை

தமிழில் 'கடை' என்னும் வினை தயிர் கடைதலையும், தீக்கடைதலையும், மரத்தைச் சுழற்றி உருவாக்குதலையும் ஒருங்கே குறிக்கிறது. இம்மூன்றுக்கும் பொதுவானது, கயிற்றாலோ கையாலோ முன்னும் பின்னுமாகச் சுழலும் கோலின் இயக்கமாகும். வில்லாலும் கயிற்றாலும் இயங்கிய பழைய கடைசல் பொறியில் மரம் ஒருமுறை கடைபவரை நோக்கியும் மறுமுறை அவரைவிட்டு விலகியும் சுழலும். உளி, நோக்கி வரும் பாதிச் சுற்றில் மட்டுமே வெட்டும். மறுபாதியில் விலக்கிப் பிடிக்கப்படும். மின்னோடியால் இயங்கும் இன்றைய பொறியில் இந்த இடைவெளி இல்லை. தவறாக நுழைக்கப்பட்ட கருவி தன்னை மீட்டுக்கொள்ள அங்கே ஒரு கணமும் கிடைப்பதில்லை. மரபுசாராக் கருவிகள் குறித்த ஆய்வு இந்த மாற்றத்தை மனத்திற்கொண்டே தொடங்க வேண்டும்.

மேற்பரப்பு வேகத்தைக் கணக்கிட்டால் இது தெளிவாகும். கயிற்றால் நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் சுழலும் 25 மி.மீ. விட்டமுள்ள கோலின் மேற்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 0.4 மீட்டர் நகர்கிறது. மின்பொறியில் நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் சுழலும் 300 மி.மீ. விட்டமுள்ள கிண்ணத்தின் விளிம்போ நொடிக்கு 12.5 மீட்டருக்கு மேல் நகர்கிறது. முன்னதில் வழுக்கலாக முடியும் ஒரு பிழை, பின்னதில் கருவியை உடைக்கவும் வீசியெறியவும் போதுமான விசையாக மாறுகிறது.

மரபு எனப்படுவது

இன்று மரபுசார்ந்தவையாகக் கருதப்படும் கருவிகள் பலவும் ஒரு காலத்தில் வேறு துறையிலிருந்து வந்தவையே. உயர்வேக எஃகு இதற்குத் தக்க சான்று. அமெரிக்காவின் பெத்லகேம் எஃகு ஆலையில் பிரெடரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய வெப்பப் பதமுறையால் இவ்வகைக் கருவியெஃகு அறிமுகமாகி, 1900ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் உலகின் கவனத்தை ஈர்த்தது. அது இரும்பை வெட்டுவதற்காக உருவானது. மரக்கடைசல் உளிகளில் அது பரவலானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். அதுவரை கரிம எஃகு உளியே வழக்கு.

கார்பைடின் வரலாறும் இத்தகையதே. ஜெர்மனியின் ஓஸ்ராம் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் ஷ்ரோட்டர், டங்ஸ்டன் கார்பைடு துகளைக் கோபால்டுடன் சேர்த்துப் பிணைக்கும் முறைக்கு 1923இல் காப்புரிமை கோரினார். கிரூப் நிறுவனம் அப்பொருளை 'விடியா' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 'வைரம் போன்றது' என்னும் பொருள்தரும் ஜெர்மன் தொடரின் சுருக்கம் அது. அப்பெயர் இந்தியப் பட்டறைகளில் கார்பைடு முனையையே குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வழங்குகிறது. இன்று மரக்கடைசலில் இக்கார்பைடு வில்லைகள் பெரிதும் பயன்படுகின்றன.

மறுபுறம், புதுமையாகத் தோன்றும் சில வடிவங்கள் மிகப் பழையவை. இங்கிலாந்தின் பெர்க்ஷயர் பகுதியில் பக்கிள்பரி பொதுவெளியில் வாழ்ந்த ஜார்ஜ் லெய்லி, மிதிகட்டையும் வளையும் கழியும் கொண்ட பொறியில் கொக்கி வடிவக் கருவிகளால் ஒரே மரத்துண்டிலிருந்து ஒன்றனுள் ஒன்றாகப் பல கிண்ணங்களைக் கடைந்தெடுத்தவர். 1958இல் அவர் மறைந்த பின் அவருடைய பொறியும் கருவிகளும் ரெடிங் நகரின் ஆங்கில ஊரக வாழ்வியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 1970களில் அமெரிக்கக் கலைஞர் டேவிட் எல்ஸ்வொர்த், சிறு துளை வழியே உட்புறத்தைக் குடைந்து மெல்லிய சுவருள்ள கலங்களைச் செய்வதற்கு வளைந்த கருவிகளைத் தாமே உருவாக்கினார். அக்காலச் சந்தையில் கிடைக்காத கருவி அது. வளைமுனை என்னும் கருத்தோ கொக்கிக் கருவிக்காரர்கள் முன்பே அறிந்தது.

ஆகவே 'மரபுசார்ந்தது', 'மரபுசாராதது' என்னும் பகுப்பு ஒரு கருவியின் தகுதியை அளக்க உதவாது. அதற்கு வேறு அளவுகோல் தேவைப்படுகிறது.

நான்கு வினாக்கள்

முதலாவது, உலோகம். கருவிக்குரிய எஃகு கடினமாகவும் இருக்க வேண்டும். முறியாத உரமும் பெற்றிருக்க வேண்டும். கடினத்தன்மை கூர்மையை நெடுநேரம் காக்கும். உரம் அதிர்ச்சியைத் தாங்கும். பெரும்பாலான எஃகுகளில் ஒன்று கூடினால் மற்றது குறையும். கொல்லர்கள் தோய்ச்சல் எனக் குறிப்பிடும் பதப்படுத்தல், இவ்விரண்டுக்கும் இடையே வேலைக்கேற்ற ஒரு நிலையைத் தேர்ந்தெடுப்பதாகும்.

இரண்டாவது, தாங்கல். கடைசலில் கருவித்தாங்கி நெம்புகோலின் சுழற்புள்ளியாக அமைகிறது. தாங்கியிலிருந்து உளியின் நுனி 50 மி.மீ. தொலைவிலும், பிடிக்கும் கை 400 மி.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். நுனியில் 100 நியூட்டன் விசை விழுந்தால் கை 12.5 நியூட்டன் விசையால் அதைச் சமன்செய்யும். அதே கருவியை 200 மி.மீ. நீட்டிப் பிடித்தால் கைக்கு 250 மி.மீ. மட்டுமே எஞ்சும்; அப்போது தேவைப்படும் விசை 80 நியூட்டன். கருவியும் மரமும் மாறவில்லை. கையின் சுமை மட்டும் ஆறு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. கருவியின் வளைவும் இவ்வாறே பெருகும். நீட்டம் இரு மடங்கானால் வளைவு எட்டு மடங்காகும். இதனை ஈடுசெய்யத் தண்டின் பருமன் உதவும். 12 மி.மீ. உருண்டைத் தண்டைவிட 16 மி.மீ. தண்டு மூன்று மடங்குக்கு மேல் விறைப்புடையது.

மூன்றாவது, வெட்டுமுறை. நகவுளியும் சாய்வாய் உளியும் தம் சாய்முகத்தை மரத்தின்மேல் உராயவிட்டுச் சீவுகின்றன. சாய்முகம் மரத்திலேயே தாங்கல் பெறுவதால் வெட்டின் ஆழம் கட்டுக்குள் இருக்கும். சுரண்டுளிக்கு அத்தாங்கல் இல்லை. அது விளிம்பாலோ விளிம்பில் எழுப்பப்பட்ட பிசிராலோ மரத்தைச் சுரண்டி எடுக்கிறது. மரபுசாராக் கருவிகளுள் பெரும்பாலானவை சுரண்டும் வகையின. ஆதலால் அவற்றின் கைப்பிடி சற்று உயர்ந்தும் நுனி சற்றுத் தாழ்ந்தும் இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் மையக்கோட்டிலோ அதற்குச் சற்றுக் கீழோ, கிண்ணத்தின் உட்பக்கத்தில் மையக்கோட்டுக்குச் சற்று மேலோ பிடிக்கப்படும் நுனி, மரம் கவ்வி அழுத்தினாலும் மரத்தைவிட்டு விலகியே செல்லும்.

நான்காவது, இழையோட்டம். மேசைக்கால், செப்புச் சாமான் போன்றவற்றில் மரத்தின் இழை சுழலச்சுக்கு இணையாக ஓடுகிறது. கிண்ணத்திலோ அது அச்சுக்குக் குறுக்கே கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு சுற்றிலும் விளிம்பு இரண்டு முறை இழைக்கு எதிராகச் செல்கிறது. நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் இது நொடிக்கு ஏறத்தாழ 27 முறை நிகழ்கிறது. கோல் வடிவில் ஒழுங்காக வெட்டும் கருவி கிண்ணத்தில் இழையைப் பிய்ப்பதன் காரணம் இதுவே.

கருவிகளின் இயல்பு

அ) அரத்தினாலான சுரண்டுளி

தேய்ந்த அரத்தின் பற்களை நீக்கி உளியாக்கும் வழக்கம் பல நாட்டுப் பட்டறைகளிலும் உண்டு. அரத்தின் எஃகு ஏறத்தாழ 1.2 விழுக்காடு கரிமம் கொண்டது. நல்ல கூர்மை ஏற்பது. முதல் பார்வையில் இது சிறந்த தேர்வாகவே தோன்றும். ஆனால் அரம் மற்ற உலோகத்தைத் தேய்ப்பதற்காக மிகக் கடினமாக வைக்கப்பட்டது. வளையாமல் முறிவது அதன் இயல்பு. பற்களின் அடியிலுள்ள ஒவ்வொரு பள்ளமும் தகைவு குவியும் இடமாகி, விரிசல் தொடங்குவதற்கு இடம் தருகிறது. கைப்பிடிக்குள் செல்லும் வாலோ மெலிந்தது.

அரம் அப்படியே பயன்படுத்தப்படும்போது மூன்று குறைகளும் ஒன்றுசேர்கின்றன. மரம் கவ்வும் கணத்தில் தாங்கியின் விளிம்பில் அது முறிந்து, முறிந்த துண்டு கடைபவரின் முகத்தை நோக்கிப் பறக்கக்கூடும். இதனைக் குறைக்க, பற்கள் முழுமையாகச் சாணையில் நீக்கப்பட வேண்டும். பிறகு ஏறத்தாழ 230 பாகை செல்சியஸ் வெப்பத்தில், வெளுத்த வைக்கோல் நிறம் தோன்றும்வரை பதம் இறக்கப்பட வேண்டும். உட்பகுதி மென்மையாகவும் மேல்தோல் மட்டும் கடினமாகவும் செய்யப்பட்ட மலிவான அரங்களில், சாணை அக்கடினத் தோலையே நீக்கிவிடுவதால் இம்முறை பயன்தராது. பதம் இறக்கிய அரமும் சிறிய கோல் வேலைக்கே ஏற்றது. கிண்ணத்தின் குறுக்கிழைக்கு அதனைப் பயன்படுத்துதல் தகாது.

ஆ) ஆலன் சாவியும் திருப்புளியும்

இவை அரத்துக்கு நேர்மாறானவை. முறுக்கு விசையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட கலப்பெஃகு என்பதால் எளிதில் முறிவதில்லை. கடினத்தன்மை குறைவு என்பதால் கூர்மை விரைவில் மழுங்கிவிடும். ஆலன் சாவியின் குறுகிய வளைகை இயல்பாகவே ஒரு கொக்கிக் கருவியின் வடிவில் உள்ளது. அதன் முனையைத் தீட்டிக் கைப்பிடி இட்டால், குங்குமச் சிமிழ் அளவுள்ள பொருள்களின் உட்புறத்தைக் குடைய உதவும். அடிக்கடி தீட்டுவது இதற்குரிய விலை. கூர்மை குறைந்த கருவி மரத்தைக் கெடுக்கும். முறிந்த கருவி ஆளைக் கெடுக்கும். ஆகவே இவ்விரண்டுள் ஒன்றைத் தேர வேண்டிய இடத்தில் உரமுள்ள எஃகே ஏற்றது.

இ) ஹாக்சா பிளேடு

பொறியில் இயங்கும் ஹாக்சாவின் தடித்த பிளேடுகளைக் குறுகிய அறுப்புளியாக மாற்றுவது பலரும் மேற்கொள்ளும் முயற்சி. முழுவதும் உயர்வேக எஃகாலான பிளேடு ஏறத்தாழ 600 பாகை வரை தன் கடினத்தன்மையை இழப்பதில்லை. எனவே சாணையில் நீலம் பாய்ந்தாலும் கெடாது. கரிம எஃகு அவ்வாறன்று. நீலம் பாய்ந்த இடம் மென்மையடைந்துவிடும்.

தகடு மெல்லியதாக இருந்தும் இக்கருவி நிலைநிற்பதற்குக் காரணம், அதன் அகலப்பக்கம் நிமிர்ந்து விசையை எதிர்கொள்வதே. நிமிர்ந்த திசையில் அதன் விறைப்பு உயரத்தின் மும்மடிக்கு ஏற்ப வளர்கிறது. பக்கவாட்டிலோ அதற்கு வலுவில்லை. எனவே நேராக உட்செலுத்துவதற்கு மட்டுமே அது பயன்படும். பக்கவாட்டில் திருப்பிப் பள்ளத்தை அகலப்படுத்த முயன்றால் முறியும். நீட்டம் சிறியதாக இருத்தல் இன்றியமையாதது.

ஈ) கார்பைடு வில்லை

இழைப்பு இயந்திரங்களின் வெட்டுருளையில் பொருத்தப்படும் சதுர வில்லைகளையும், வட்ட வில்லைகளையும் எஃகுத் தண்டின் முனையில் திருகாணியால் பொருத்தினால் ஒரு கடைசல் கருவி கிடைக்கிறது. தீட்ட வேண்டியதில்லை, மழுங்கிய பக்கத்தைத் திருப்பி வைத்தால் போதும். சதுர வில்லைக்கு நான்கு பக்கங்கள் உண்டு. தாங்கியில் படுக்கையாகவும் மையக்கோட்டு உயரத்திலும் பிடிப்பது எளிது என்பதால் புதிதாகக் கற்போர் இதனை விரும்புகின்றனர்.

கார்பைடு அரத்தைவிடவும் கடினமானது. நொறுங்கும் இயல்பும் மிகுந்தது. அவ்வாறாயின் அரத்துக்குக் கூறப்பட்ட தடை இதற்கும் பொருந்தாதா என்னும் வினா எழலாம். பொருந்தாது. இங்கு நொறுங்கும் பொருள் நகத்தளவே. அது உரமான எஃகுத் தண்டின்மேல் அமர்ந்துள்ளது. வளைக்கும் விசையைத் தண்டு ஏற்கிறது. வில்லை பெரும்பாலும் அழுத்தத்தையே ஏற்கிறது. மென்மையான இரும்பு உடலில் உருக்கு வாயைப் பற்றவைத்துக் கோடரியும் உளியும் வடித்த கொல்லரின் நுட்பம் இதுவே. பொருள் புதிது, அமைப்பு பழையது.

இதன் குறை மூன்றாம், நான்காம் வினாக்களில் உள்ளது. படுக்கையாகப் பிடித்த வில்லை சுரண்டியே வெட்டுவதால், கிண்ணத்தில் இழைமுனை எதிர்ப்படும் இரு பக்கங்களிலும் இழை பிய்ந்து, உப்புத்தாளின் வேலை கூடுகிறது. தண்டைச் சற்றே சாய்த்து விளிம்பு சரிந்து வெட்டுமாறு செய்தால் இக்குறை குறையும்.

உ) சுழலும் வெட்டிகள்

சங்கிலி வாள், பல் வட்டு பொருத்திய ஆங்கிள் கிரைண்டர் ஆகியவற்றைக் கடைசல் மரத்தின்மேல் செலுத்திய கலைஞர்களும் உண்டு. அமெரிக்கச் சிற்பியான மார்க் லிண்ட்குவிஸ்ட் சங்கிலி வாளைக் கடைசலோடு இணைத்துப் பெரிய உருக்களைப் படைத்தவர். இம்முறையில் கருவித்தாங்கியின் பணி இல்லாமல் போகிறது; நெம்புகோல் அமைப்பு குலைகிறது. சுழலும் இரு பொருள்கள் சந்திக்கும்போது எதிர்விசையின் திசையும் நொடிதோறும் மாறும். தாங்கல் என்னும் வினாவுக்குக் கையின் வலிமையைத் தவிர வேறு விடை இங்கில்லை. மரத்தைச் சுழலவிடாமல் பூட்டிவைத்துச் செதுக்கினால் அது கடைசலாகாது. ஆனால் ஏற்கத்தக்க செதுக்கு முறையாகும். சுழலும் மரத்தின்மேல் இவற்றைக் கையால் பிடித்துச் செலுத்துவது கற்றல் சூழலில் பரிந்துரைக்கத்தக்கதன்று.

ஊ) கம்பி, அரக்கு, தாழை மடல்

மரத்தை வெட்டாமல் உராய்வு வெப்பத்தால் மட்டுமே செயல்படும் கருவிகளும் உள்ளன. சிறு பள்ளத்தில் எஃகுக் கம்பியை அழுத்தினால் சில நொடிகளில் கரிய வரி விழுகிறது. கம்பியின் இரு முனைகளிலும் மரப்பிடி இருத்தல் வேண்டும். விரலில் சுற்றிய கம்பியைச் சுழலும் மரம் இழுத்துக்கொண்டால் விரலையும் சேர்த்தே இழுக்கும். கையுறை அணிதல் இங்குப் பாதுகாப்பன்று, அதுவும் சிக்கிக்கொள்ளும்.

கர்நாடகத்தின் சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தில் கடையப்படும் பொம்மைகளுக்கு இதே உராய்வுதான் வண்ணம் தருகிறது. வண்ணம் கலந்த அரக்குக் குச்சி சுழலும் மரத்தின்மேல் அழுத்தப்படும்போது இளகிப் படிகிறது. பின்னர்த் தாழை மடல் அதனைச் சீராகப் பரப்பி மெருகேற்றுகிறது. திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரத்தின் கடைசல் செப்புகளும் அரக்கு வண்ணத்துக்குப் பெயர்பெற்றவை. எஃகின் எந்த அளவுகோலாலும் தாழை மடல் ஒரு கருவியாகத் தேறாது. ஆயினும் நான்கு வினாக்களுக்கும் அது ஏற்ற விடை தருகிறது: முறிந்தால் தீங்கில்லை, நீட்டிப் பிடிக்க வேண்டியதில்லை, வெட்டுவதில்லை, இழையைப் பிய்ப்பதில்லை. கருவியின் தகுதி அதன் கடினத்தன்மையில் மட்டும் அடங்கியதன்று என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

சோதிக்கும் வரிசை

பட்டறைகளில் புதிய கருவியைச் சோதிப்போர் இயல்பாக முதலில் மரத்தில் வைத்தே பார்க்கின்றனர். மென்மரத்தில் சீவல் ஒழுங்காக வந்தால் கருவி தேறிவிட்டதாகக் கருதுகின்றனர். இங்குதான் இடர் உள்ளது. பதம் இறக்காத அரம் முதல் நாளில் மிக நன்றாகவே வெட்டும். அதன் குறை வெட்டில் தெரியாது. மரம் கவ்வும் ஒரு கணத்தில்தான் தெரியும். அந்தக் கணம் முதல் நாளில் வராமலும் போகலாம்.

ஆகவே வினாக்களின் வரிசை பின்வருமாறு அமைதல் நலம். முதலில், கருவி எதனால் ஆனது, முதலில் எவ்வேலைக்காகப் பதப்படுத்தப்பட்டது என்பதை அறிதல். அறிய இயலாத எஃகை அரத்தைப்போல் முறியக்கூடியதாகவே கொள்ளுதல். இரண்டாவதாக, நீட்டத்தையும் கைப்பிடியின் நீளத்தையும் அளந்து நெம்புகோல் விகிதத்தைக் கணக்கிடுதல். மூன்றாவதாக, பொறியை நிறுத்திவைத்து, மரத்தைக் கையால் சுழற்றிக் கருவி கவ்வும் திசையை அறிதல். கவ்வினால் அது மரத்தைவிட்டு விலகுகிறதா, உள்ளே பாய்கிறதா என்பது கைச்சுற்றிலேயே புலப்படும். இவை மூன்றும் தேறிய பின்னரே, முகக்கவசம் அணிந்து, குறைந்த வேகத்தில், கோல் வடிவில் வெட்டிப் பார்த்தல். கிண்ண வடிவு இதற்கும் பின்னதே.

முடிவுரை

மேற்கண்ட விளக்கத்தால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. மரக்கடைசலில் மரபுசார்ந்த கருவி, மரபுசாராக் கருவி என்னும் பகுப்பு காலத்தால் மாறுவது. உயர்வேக எஃகும் கார்பைடும் உலோகத் தொழிலிலிருந்து மரத்தொழிலுக்கு வந்து நிலைபெற்றவை.

2. கருவியின் தகுதியை உலோகம், தாங்கல், வெட்டுமுறை, இழையோட்டம் என்னும் நான்கு வினாக்களால் அறியலாம். அரம் முதல் வினாவிலும், சுழலும் வெட்டிகள் இரண்டாம் வினாவிலும் தடைபடுகின்றன. கார்பைடு வில்லை முதலிரண்டிலும் தேறிப் பின்னிரண்டில் குறைபடுகிறது.

3. நொறுங்கும் விளிம்பை உரமான உடலின்மேல் அமைக்கும் பழைய கொல்லர் நுட்பமே இன்றைய வில்லைக் கருவியின் அடிப்படை.

4. நன்றாக வெட்டுதல் ஒரு கருவி பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. கைவினைப் பயிற்சி தரும் கல்வி நிலையங்கள் இவ்வேறுபாட்டைப் பாடத்தில் முதலிடத்தில் வைத்துக் கற்பித்தல் இன்றியமையாதது.